கப்பல் வரும் நாட்கள்

பாவா,

இன்று கப்பல் நாள். மதியம் கப்பலிலிருந்து வந்த வெளிநாட்டு விருந்தாளிகளில் ஒரு வயதான அம்மாள் நம் வீட்டுக் குழாயடியில் முகம் கழுவிவிட்டு, கைப்பையிலிருந்து வெயிலுக்குப் பூசும் கிரீமை எடுத்துக் கழுத்திலும் கையிலும் தடவிக்கொண்டார். அந்த வாசனை அடுப்படி வரை வந்தது. தேங்காயும் ஏதோ மருந்தும் கலந்தாற்போன்ற வாசனை. நான் ரசத்தை இறக்கிக்கொண்டே, "வந்துட்டீங்களா, கை கழுவிகினு வாங்க" என்று சொல்லிவிட்டேன். சொன்ன பிறகுதான் திரும்பிப் பார்த்தேன். வாசற்படியில் யாரும் இல்லை.

கப்பல் நாட்களில் உங்கள் சட்டையில் அந்த வாசனைதான் இருக்கும். நீங்கள் பூசிக்கொண்டதில்லை. நாள் முழுக்க மூடிய வண்டிக்குள் எட்டுப் பேரோடு உட்கார்ந்து வந்ததில் ஒட்டிக்கொள்ளும். எத்தனை முறை துவைத்தாலும் காலரில் கொஞ்சம் தங்கிவிடும். "வெள்ளைக்காரி வாசனை" என்று நான் கேலி செய்தால், "கடல் வாசனைன்னு சொல்லு, கௌரவமா இருக்கும்" என்பீர்கள்.

கப்பல் வேலை வருவதற்கு முன்னால் நம் வண்டி கிருத்திகைக்கும் கல்யாணத்துக்கும்தான் ஓடியது. மற்ற நாட்களில் பஸ் ஸ்டாண்டு ஓரம் நின்றுகிடக்கும். சென்னையில் கப்பல் பயணிகளுக்கு ஊர் சுற்றிக்காட்டும் ஓர் ஏஜென்சிக்கு ஒருநாள் வண்டி பற்றாமல் போக, மணவூரிலிருந்து வண்டி ஓட்டும் உங்கள் நண்பர் உங்களைக் கூட்டிப்போனார். அன்று சாயங்காலம் வந்து நீங்கள் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது. "கப்பலா அது? நம்ம மலைய பேத்து எடுத்தாந்து தண்ணில நிறுத்தி வெச்ச மாரி கீது. அதுக்குள்ள ஒரு ஊரே குடியிருக்குது."

மாமல்லபுரத்துக்கும் காஞ்சிபுரத்துக்கும் ஆட்களை ஏற்றிப் போய்த் திரும்பக் கொண்டுவந்து விடுவதுதான் வேலை. ஒருநாள் நீங்கள் கண்ணாடி துடைத்த கட்டம் போட்ட துணியை ஒரு பெண்மணி வாங்கிப் பார்த்தாராம். எங்கே கிடைக்கும் என்று கேட்டாராம். தெரிந்த இங்கிலீஷில், என் பெண்சாதியின் அண்ணன் நெய்வது என்று சொல்லியிருக்கிறீர்கள். அவர் அதைப் போய்ப் பார்க்கவேண்டும் என்று அடம்பிடித்தார். ஏஜென்சிக்காரர்களுக்கு முதலில் இஷ்டமில்லை. பொதட்டூர்பேட்டையை அவர்கள் கேள்விப்பட்டதே இல்லை. நீங்கள் விடாமல் கேட்டுக் கேட்டு, அடுத்த கப்பலுக்கு ஒரு வண்டி ஆட்களை வாங்கிவிட்டீர்கள்.

அந்த முதல் வண்டி என் அண்ணன் வீட்டு வாசலில் நின்ற அன்று, அண்ணன் புதுச்சட்டை போட்டுக்கொண்டு தறிக்குப் பக்கத்தில் போட்டோவுக்கு நிற்பவரைப் போல நின்றார். தறிச் சத்தத்தில் அவர்கள் கேட்டது இவருக்குப் புரியவில்லை. இவர் சொன்னது அவர்களுக்கும் புரியவில்லை. ஆனாலும் ஆளுக்கு இரண்டு லுங்கி வாங்கிக்கொண்டார்கள். ஒருவர் அங்கேயே பேண்டுக்கு மேல் கட்டிக்கொண்டு தெருவில் நடந்தார். பிறகு சாப்பாட்டுக்கு நம் வீடு. காரம் இல்லாமல் எப்படிச் சமைப்பது என்று நான் கலங்கிப்போயிருந்தேன். "தயிர்சாதம் போடு, வடை சுடு, மத்தத மலைமேல இருக்கறவன் பாத்துப்பான்" என்றீர்கள். மொட்டைமாடியில் நின்று மலைக்கோயிலைப் பார்த்தபடியே அவர்கள் சாப்பிட்டார்கள்.

துறைமுகத்தில் கப்பல்கள் கூடக்கூட நம் பக்கம் என்னென்னவோ மாறியது. லுங்கியோடு நில்லாமல் மேசைவிரிப்பும் கைத்துண்டும் போட ஆரம்பித்தார் அண்ணன். வியாபாரியிடம் மொத்தமாகக் கொடுத்துவிட்டு அவர் சொல்லும் விலையை வாங்கிக்கொண்டிருந்த தெரு, நேராக விற்கக் கற்றுக்கொண்டது. அண்ணனின் எதிர்வீட்டு சரளா மிச்சத் துணியில் பை தைத்தாள். துறைமுகத்தில் பெரிய கூடம் கட்டி, மகளிர் குழுக்களுக்குக் கடை போட இடம் விட்டபோது அவளுடைய பைகள் அங்கேயும் போயின. திருவாலங்காட்டுப் பிரிவில் கரும்புச்சாறு பிழிகிறவர் கப்பல் நாளைக் கேட்டுவைத்துக்கொண்டு கண்ணாடி டம்ளர் கழுவி வைத்தார். கடலையே பார்க்காத மனிதர்கள் இன்றைக்குக் கப்பல் உண்டா என்று விசாரித்தார்கள். இதெல்லாம் நீங்கள் கொண்டுவந்தது.

ஆனால் கப்பல் நாளில் உங்களிடம் ஒரு பதற்றம் இருக்கும். விருந்தாளிகள் கடைசி வடையைக் கடிக்கும்போதே வண்டிச்சாவி உங்கள் கையில் ஆடிக்கொண்டிருக்கும். முதல்நாளே ஏஜென்சி சூப்பர்வைசர் சொல்லி அனுப்பியிருந்தார், கப்பல் யாருக்காகவும் நிற்காது, ஓர் ஆள் தவறினாலும் உன் வண்டி அவ்வளவுதான் என்று. அதை நீங்கள் வேதவாக்காக எடுத்துக்கொண்டீர்கள். நம் யாமினி பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பத் தாமதித்தால்கூட, "கப்பல் நிக்காது கண்ணு" என்பீர்கள். நாங்கள் சிரிப்போம்.

அன்றைக்கு லாரி ஒன்று குறுக்கே கவிழ்ந்து ரோடு அடைத்துக்கொண்டது. திருவள்ளூர் தாண்டியதும் போன் செய்தீர்கள்.

"மார்ல ஏதோ புடிச்சிகினா மாரி கீது. மத்தியானம் தின்ன வடையோ இன்னாவோ."

"ஓரமா நிறுத்தி ஒரு சோடா குடிங்களேன்."

"எங்க நிறுத்தறது, ஏற்கெனவே லேட்டு. கப்பல் நிக்காது. வெய்யி, அப்புறம் பேசறேன்."

மீதியை மணவூர்க்காரர்தான் வந்து சொன்னார். நம் கூடத்தில் உட்கார்ந்து, தலையைக் குனிந்துகொண்டு சொன்னார். "கரெக்டா கொண்டாந்து சேத்துட்டான்க்கா. எல்லாரையும் எறக்கி, வண்டில வந்த ஒரு கெழவரோட கைத்தடிய எடுத்துக் குடுத்தான். பின்னால வண்டிங்க ஹாரன் அடிக்குதேன்னு ஓரங்கட்டி வுட்டான். அப்பறம் ஸ்டேரிங் மேல சாஞ்சிட்டான். தூங்கறான்னுதான் நெனச்சோம். நாங்க தூக்கசொல்ல கப்பல் ஊதுச்சுக்கா. நேரத்துக்குக் கெளம்பிடுச்சு."

அந்த ஊதல் சத்தத்தை நான் கேட்டதில்லை. ஆனாலும் வெகுநாள் கேட்டுக்கொண்டே இருந்தது. குக்கர் விசிலில், ரயிலில், கோயில் சங்கில். போர்ட்டிகோவில் நின்ற வண்டியின் கதவு தானாகச் சறுக்கித் திறப்பதுபோல் கேட்கும். ஓடிப்போய்ப் பார்ப்பேன். மூடித்தான் இருக்கும்.

அடுத்த கப்பல் பருவம் வந்தது. கப்பல்கள் வரும் என்று ஏஜென்சியிலிருந்து போன் வந்தபோது எடுக்கவே இல்லை. அண்ணன் பொதட்டூர்பேட்டையிலிருந்து பஸ் பிடித்து வந்தார்.

"கேக்கறதுக்கு எனக்கு வாயி வரலமா. ஆனா தெருவே என் மொகத்தப் பாத்துகினு கீது. சரளா பொண்ண காலேஜ்ல சேத்துட்டா, இத நம்பித்தான்."

"அந்தக் கப்பல் என் வூட்டுக்காரர தின்னுட்டுப் போச்சுண்ணா."

"மாப்ள இருந்தா இன்னா சொல்லியிருப்பாரு?"

நீங்கள் என்ன சொல்லியிருப்பீர்கள் என்று இரண்டு பேருக்கும் தெரியும். அடுப்பைப் பற்ற வைத்தேன்.

அரக்கோணத்துப் பையன் டேவிட்டை ஓட்ட வைத்தேன். அமைதியானவன், நிதானமாக ஓட்டுவான். உங்களைவிட நல்ல உயரம். சீட்டைப் பின்னால் தள்ளி வைத்தால், கொஞ்ச தூரத்தில் அது முன்னால் நகர்ந்து நீங்கள் உட்காரும் இடத்துக்கே வந்துவிடும். "அண்ணன் எடத்த வுட மாட்டேங்கறாருக்கா" என்று ஒருநாள் விளையாட்டாகச் சொல்லிவிட்டு, என் முகத்தைப் பார்த்து நாக்கைக் கடித்துக்கொண்டான். மெக்கானிக், சீட்டைப் பிடித்து நிறுத்தும் பல் தேய்ந்திருக்கிறது, மாற்றலாம் என்றார். நான் மாற்றவில்லை. டேவிட் முழங்காலை மடக்கிக்கொண்டு ஓட்டுகிறான்.

வீட்டில் உட்கார்ந்து காத்திருக்க முடியாததால், சாப்பாடு முடிந்து விருந்தாளிகள் துறைமுகத்துக்குத் திரும்பும்போது நானும் வண்டியில் ஏறிக்கொள்வேன். சரளாவின் பைமூட்டையைக் கடையில் சேர்ப்பதாகப் பெயர். உண்மையில் டிரைவரின் பின்கழுத்தைப் பார்த்துக்கொண்டு வருவேன்.

பூந்தமல்லி நெருங்கும்போது ஒருநாள் அந்தக் கழுத்தில் வியர்வை ஓடியது. ஏசி ஜில்லென்று இருந்தது. அவன் இடது தோளைப் பிசைந்துகொண்டான்.

"டேவிட், இன்னாடா?"

"ஒண்ணுல்லக்கா. சரியா தூங்கல."

"நிறுத்து."

"அக்கா, டைம் ஆயிடுச்சு, கப்பலு..."

"நிறுத்துடா!"

கத்தினதில் வண்டியே அமைதியாகிவிட்டது. ரோட்டோரம் ஓர் ஆஸ்பத்திரி போர்டு தெரிந்தது. அங்கே நிறுத்தி அவனை உள்ளே அனுப்பினேன். விருந்தாளிகளில் ஒருவர் கடிகாரத்தைத் தட்டித் தட்டிக் காட்டி, "ஷிப், ஷிப்" என்றார். எனக்குத் தெரிந்த இங்கிலீஷ் அவ்வளவுதான். "ஷிப் கோ. டிரைவர் நோ கோ" என்று சொல்லிக் கதவை மறித்துக்கொண்டு நின்றேன். தெருவுக்கே வந்த பிழைப்பை இதோ நானே கெடுக்கிறேன் என்று நினைத்தபடிதான் ஏஜென்சிக்குப் போன் போட்டேன். ஒரு பெண் எடுத்தாள்.

"வேற வண்டி அனுப்பும்மா, டிரைவருக்கு ஒடம்பு சரியில்ல, கப்பல் போயிடும்."

"பதறாதீங்கம்மா. நம்ம மூலமா வந்த பேசஞ்சர்ங்கதானே? நான் சொல்லிடறேன், கப்பல் நிக்கும்."

"நிக்குமா?"

"நிக்கும்மா. தனியா ஊர் சுத்தப் போறவங்களுக்குத்தான் நிக்காது. கப்பல்லயே புக் பண்ணி நம்ம வண்டில வர்றவங்கள வுட்டுட்டுப் போக மாட்டாங்க. ஒரு போன் பண்ணா போதும்."

"இது எப்பத்துலேர்ந்தும்மா?"

"எப்பவுமே அப்படித்தாம்மா."

டேவிட்டுக்கு ஒன்றுமில்லை. காலையிலிருந்து சாப்பிடவில்லை, வாயு என்றார் டாக்டர். வேறு டிரைவர் வந்து எங்களைக் கொண்டுபோனார். இருட்டத் தொடங்கியபோது துறைமுகத்துக்குள் நுழைந்தோம். கப்பல் நின்றுகொண்டிருந்தது, பாவா. எல்லா ஜன்னலிலும் விளக்கு. ஏணிப்படி இறக்கியபடியே இருந்தது. அடியில் வெள்ளை உடுப்புப் போட்ட ஒரு பெண் ஈரத் துண்டுகளைத் தட்டில் வைத்துக்கொண்டு சிரித்தபடி நின்றாள். என் தயிர்சாதத்தைத் தின்ற எட்டுப் பேருக்காக அவ்வளவு பெரிய கப்பல் கடலைப் பார்த்தபடி காத்துக்கிடந்தது. அவர்கள் ஒவ்வொருவராக ஏறினார்கள். அந்தப் பெண் எனக்கும் ஒரு துண்டு நீட்டினாள். நான் அதை முகத்தில் வைத்து அழுத்திக்கொண்டு, வண்டிகள் ஓரங்கட்டும் இடத்தில் உட்கார்ந்துவிட்டேன்.

அப்புறம் சூப்பர்வைசரைத் தேடிப்போய்க் கேட்டேன். அவர் கெட்டவர் இல்லை. நீங்கள் போனபோது மாலையோடு வந்து அழுதவர்தான். "அப்டி சொன்னாத்தாம்மா டிரைவருங்க நேரத்துக்கு வருவாங்க. எல்லாருக்கும் அதான் சொல்றது" என்றார். சொல்லி முடித்த பிறகுதான் யாரிடம் சொல்கிறோம் என்று அவருக்கு உறைத்தது. நான் திரும்பி நடந்தேன்.

இப்போது புதிதாக யார் நம் வண்டி ஓட்டினாலும், உடம்பு முடியவில்லை என்றால் நிறுத்து, கப்பல் நிற்கும் என்று முதலில் சொல்லிவிடுகிறேன். அன்று நீங்களும் நிறுத்தியிருக்கலாம் என்ற கணக்கு டேவிட்டுக்குப் புரிந்துவிட்டது. அதன்பிறகு அவன் உங்களைப் பற்றி என்னிடம் விளையாட்டாகக்கூடப் பேசுவதில்லை. வேறு யாரிடமும் நான் வாய் திறக்கவில்லை. உயிரைக் கொடுத்து விருந்தாளிகளைக் கப்பலில் சேர்த்த மனிதன் என்றுதான் பொதட்டூர்பேட்டைத் தெரு உங்களைப் பேசுகிறது. அண்ணன் தறிக்கு மேலே உங்கள் படத்தை மாட்டியிருக்கிறார். யாமினி அந்தக் கதையைப் பிடித்துக்கொண்டுதான் எழுந்து நின்றாள். அதை எப்படிப் பிடுங்குவேன்?

இன்று மதியம் ஒரு கிழவர் கூடத்தில் மாலை போட்ட உங்கள் படத்தைக் காட்டி, யார் என்று கேட்டார். காலேஜ் லீவு என்பதால் யாமினி வீட்டில்தான் இருந்தாள். நல்ல இங்கிலீஷில் சொன்னாள். என் அப்பா, நெஞ்சு வலியோடு ஓட்டிக்கொண்டு போய் எட்டுப் பேரையும் சேர்த்தார், வழியில் நின்றிருந்தால் கப்பல் போயிருக்கும் என்று. நான் மோர் டம்ளர்களோடு நிலைப்படியில் நின்றேன்.

கிழவர் பல கப்பல் ஏறியவர் போலிருக்கிறது. புருவத்தைச் சுருக்கினார். "பட் தே ஆல்வேஸ்..." என்று ஆரம்பித்தவர், தற்செயலாக என்னைப் பார்த்தார். என் முகத்தில் என்ன இருந்ததோ தெரியவில்லை. அப்படியே நிறுத்திக்கொண்டார். பிறகு, "யுவர் ஃபாதர் வாஸ் எ ஃபைன் மேன்" என்று யாமினியிடம் சொன்னார். அவர் கண் கலங்கியிருந்தது. யாமினி அவருக்கு நன்றி சொன்னாள்.

சாயங்காலம் துறைமுகத்தில் இறங்கும்போது அவர் என் கையை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டார். நேரத்துக்கே வந்திருந்தோம். கப்பல் அவரை ஏற்றிக்கொண்டு போய்விட்டது.

வீட்டுக்கு வந்தபோது யாமினி பாத்திரங்களைக் கழுவிக் கவிழ்த்து வைத்திருந்தாள். தட்டில் எனக்குச் சாப்பாடு எடுத்து வைத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"அப்பா கதைய கேட்டு அந்தத் தாத்தா அழுதுட்டாரும்மா, பாத்தியா?"

"ஆங்" என்றேன்.