சத்து என்று பேர் வைத்த குளிசை

போன கிழமை என் தங்கை மகள் குவைத்திலிருந்து வந்து இறங்கினாள். பெட்டியைத் திறந்து வீட்டில் எல்லோருக்கும் ஆளுக்கொரு சாமான் எடுத்துக் கொடுத்தாள். எனக்கு ஒரு போத்தல். "பெரியம்மா, இது வெளிநாட்டுச் சத்துக் குளிசை. பிரஷருக்குன்னு கிளினிக்கில தர்றத இனிமே போடாதீங்க, அது ஒடம்புக்குச் சூடு. இத மட்டும் போடுங்க, போதும்" என்றாள். பாசத்தோடுதான் சொன்னாள். நான் மூடியைத் திருகினேன். புளித்த மாவும் மருந்துக்கடையும் கலந்த அந்த வாசனை வந்தது. அதற்குப் பிறகு அவள் பேசிய எதுவும் என் காதில் ஏறவில்லை. என் கண்ணுக்குள், சினேகிதியே, பதுளை பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்துத் தேத்தண்ணிக் கடையில் நீ எனக்கு எதிரே உட்கார்ந்திருந்தாய். மடியிலிருந்து இதே மாதிரி ஒரு போத்தலை எடுத்து, மூடியைத் திறந்து என் மூக்குக்கு நேரே நீட்டினாய். "மோந்து பாரு புள்ள, சீமை வாசம்" என்று சிரித்தாய்.

நீ போய்ப் பல வருசமாகிவிட்டது. உனக்கு எழுத வேண்டும் என்று ஒருநாளும் தோன்றவில்லை. உன்மேல் எனக்கிருந்த கோபம் அப்படி. அந்தக் கோபம் இன்னும் இருக்கிறதா என்று நேற்றுத் தேடிப் பார்த்தேன். இருக்கிறது. ஆனால் உன்னை விட்டு இறங்கி, ஒரு சொல்லின்மேல் போய் உட்கார்ந்திருக்கிறது. அந்தச் சொல்லைப் பற்றித்தான் எழுத வந்தேன்.

லுணுகலைப் பக்கத்துத் தோட்டத்தில் நாம் இருவரும் புதிதாகப் பேர் பதிந்து கொழுந்தெடுக்கப் போன காலம். எப்போதும் பக்கத்துப் பக்கத்து நிரைதான். நீ பேசிக்கொண்டே எடுப்பாய். "வாய் போற வேகத்துல கை போகலியே" என்று கங்காணி தினமும் சொல்வார், நீயும் தினமும் சிரிப்பாய். அன்று பேச்சு பாதியில் நின்றது. என்னவென்று திரும்பினால், கூடையோடு தேயிலைக்குள் விழுந்து கிடக்கிறாய். கையும் காலும் இழுக்கின்றன, வாயோரம் நுரை. யாரோ ஓடிவந்து, தேயிலைச் செடி வெட்டும் கவ்வாத்துக் கத்தியின் இரும்புப் பிடியை உன் உள்ளங்கையில் திணித்தார்கள். இரும்பைப் பிடித்தால் வலிப்பு நிற்கும் என்பது நம் மலையில் எல்லோரும் அறிந்த வைத்தியம். பூசாரி வந்து பார்த்துவிட்டு, மத்தியானத்தில் ஆற்றோரம் போனதால் வந்த கோளாறு என்றார். உன் அப்பா எல்லாவற்றுக்கும் தலையாட்டிவிட்டு, மறுநாள் காலையில் பேர் கூப்பிடும் பெரட்டுக்குப் போகாமல் உன்னைப் பதுளைப் பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார். துணைக்கு நானும் வந்தேன்.

டாக்டர் சிங்களத்தில் சொன்னதை அங்கிருந்த நர்ஸ் மிஸ்ஸி நமக்குத் தமிழில் சொன்னார். "இது நோவு வந்த பொறகு போடுற குளிசை இல்ல. வராமப் புடிச்சு வச்சிருக்கிற குளிசை. நல்லாத்தானே இருக்கேன்னு நீயா நிப்பாட்டினா, கட்டாயம் விழுவ." திரும்பி வரும்போது பஸ் மலையேற மாட்டாமல் முனகியது. அந்த முனகலுக்குத் தாளம் சேர்த்து, "புடிச்சு வச்சிருக்கு, புடிச்சு வச்சிருக்கு" என்று நீ பாடிக்கொண்டே வந்தாய். உன் அப்பாவுக்குக்கூடச் சிரிப்பு வந்துவிட்டது.

பிடித்துத்தான் வைத்திருந்தது. சட்டைப் பொத்தானைவிடச் சின்னதான அந்த வெள்ளைக் குளிசையைப் போடத் தொடங்கிய பிறகு நீ விழவேயில்லை. மாதத்துக்கொரு தடவை நாம் கிளினிக்குக்குப் போனோம், திரும்பும் வழியில் வளையல் பார்த்தோம். நோவு என்ற ஒன்று இருந்ததே எனக்கு மறந்துபோனது.

உனக்கு மாப்பிள்ளை பார்க்கத் தொடங்கியபோதுதான் சிக்கல் வந்தது. நம் பேச்சில் மருந்து என்ற சொல்லுக்கு எத்தனை முகம் என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஒருத்தி கொஞ்சம் ஒரு மாதிரி நடந்துகொண்டால் "யாரோ மருந்து வச்சிட்டாங்க" என்பார்கள். ஒருத்தி தினமும் மருந்து சாப்பிடுகிறாள் என்றால் அந்த லயத்து வீடுகள் பக்கமே பெண் கேட்டு வரமாட்டார்கள். சத்து என்ற சொல்லோ அப்போது ராஜா மாதிரி இருந்தது. ரொட்டி தட்ட மாவில்லாத பஞ்சம். என்ன நோவென்று டிஸ்பென்சரிக்குப் போனாலும் "சத்தில்ல" என்றுதான் சொல்லி அனுப்பினார்கள். சத்துக் குளிசை சாப்பிடுகிறாள் என்றால், கவனிக்க ஆளுள்ள பெண் என்று பெருமை. உன் அம்மா ஒரே சொல்லில் காரியத்தை முடித்தார். "யாராச்சும் கேட்டா சத்துக் குளிசைன்னு சொல்லு. பொய்யில்ல, ஒன்னய நிக்க வைக்குதில்ல." எனக்கு அது பிடிக்கவில்லை. உனக்கோ பிடித்துப்போயிற்று. "இந்தச் சத்துல மாப்புள்ளையவே தூக்கிருவேன் பாரு" என்று கையை முறுக்கிக் காட்டினாய்.

ஹல்துமுல்லைப் பக்கம் ஒரு தோட்டத்துக்கு வாழ்க்கைப்பட்டுப் போனாய். கொஞ்ச நாளில் உன் அப்பா அம்மாவுக்கு, ஒப்பந்தப்படி இந்தியாவுக்கே திரும்பிப் போக முறை வந்தது. அவர்களை ரயிலேற்றிவிட்டு நீ அழுத அழுகை இன்னும் என் தோளில் ஈரமாக இருக்கிறது. அதோடு அந்தக் குளிசையின் உண்மைப் பெயர் தெரிந்தவர்கள் இந்த நாட்டில் நீயும் நானும்தான். என்னைப் பார்க்க வருகிறேன் என்று சொல்லி நீ பதுளைக்கு வருவாய். கிளினிக்கில் குளிசை வாங்கிக்கொண்டு, தேத்தண்ணி குடித்துவிட்டுப் பிரிவோம்.

உன் மாமியார் கெட்டவராக இருந்திருந்தால் நீ பிழைத்திருப்பாய் என்று சில நேரம் நினைப்பேன். அந்த மனுசி தங்கம். படுக்கப் போகுமுன் "தாயி, சத்துக் குளிசை போட்டியா?" என்று கேட்காத நாளில்லை என்று நீயே சொல்லியிருக்கிறாய். உனக்கு முதல் பிள்ளை தங்காமல் போனதும் அவர் மனம் உடைந்துபோனார். வெள்ளைக் குளிசையைக் கையில் எடுத்து உருட்டிப் பார்த்துவிட்டு, "இத்துணூண்டுல என்ன சத்து இருக்கும்" என்றாராம். தன் கைக்காசைச் சேர்த்துவைத்து, பண்டாரவளை டவுனில் ஒரு கடைக்குப் போய், சத்திலேயே உசத்தியான சத்து எது என்று கேட்டு அந்தப் போத்தலை வாங்கிவந்தார். உள்ளே புளியங்கொட்டை பருமனில் சிவப்புக் குளிசைகள். "ரெண்டு சத்து ஒண்ணாப் போட்டா ஒடம்பு தாங்காது, சூடாயிரும். பழச விட்ரு" என்றார். சத்துக்குப் பதில் அதைவிட நல்ல சத்து. அவர் கணக்கில் எந்தப் பிழையும் இல்லை.

அந்த மாதம் நீ கிளினிக்குக்கு வரவில்லை. அடுத்த மாதம் வந்தாய், ஆனால் துணி எடுக்க வந்தாய். அன்றுதான் போத்தலை என் மூக்குக்கு நேரே நீட்டியது. கதையைச் சொல்லிவிட்டு, "மூத்திரமெல்லாம் மஞ்சத் தண்ணியாப் போகுது புள்ள. நோவு கரைஞ்சு எறங்குதுன்னு அத்தை சொல்றாங்க, ஒடம்பே மஞ்சத் தண்ணி ஆடுது" என்று சிரித்தாய். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

"வெள்ளக் குளிசை எங்கடி?"

"நிப்பாட்டி ஒரு மாசத்துக்கு மேல ஆச்சு. ஒண்ணும் வரல. இது கேக்குதுடி எனக்கு."

"மிஸ்ஸி என்ன சொன்னாங்க? பஸ்ஸில பாடிக்கிட்டு வந்தியே, மறந்துட்டியா?"

உன் முகம் கொஞ்சம் மாறியது. "மறக்கல" என்றாய். "அத்தைகிட்ட என்னன்னு சொல்லச் சொல்ற? இத்தன நாளா சத்துன்னு சொன்னது வலிப்பு மருந்துன்னா? அவங்க பால் தேத்தண்ணிய விட்டுட்டு, வெறுஞ் சாயத்தண்ணி குடிச்சு எனக்கு இத வாங்குறாங்க. எப்படிப் போடமாட்டேன்னு சொல்வேன்?"

"அதையும் போடு, இதையும் போடு. சத்து சத்தோட வேலையப் பாக்கட்டும், மருந்து மருந்தோட வேலையப் பாக்கட்டும்."

"ரெண்டாவது எதுக்குன்னு கேப்பாங்கல்ல."

உன் கையைப் பிடித்து ஆஸ்பத்திரிக்கு இழுத்துப் போனேன். கிளினிக் முடிந்து கதவு சாத்தியிருந்தது. "அடுத்த கிளினிக்குக்குக் கட்டாயம் வாரேன், நீ மொகத்தத் தூக்காத" என்று பஸ்ஸில் ஏறி, ஜன்னல் வழியாக நாக்கைத் துருத்திக் காட்டினாய். எனக்குக் கோபம், கையசைக்கவில்லை. பஸ் பண்டாரவளைப் பக்கம் திரும்பும்வரை நீ பார்த்துக்கொண்டே போனாய்.

அடுத்த கிளினிக்குக்கு முன்னால் ஆள் வந்து சொன்னது. காலையில் லயத்துக்குக் கீழே ஓடையில் துணி அலசப் போயிருக்கிறாய். கணுக்கால் முழுகாத தண்ணீர். அதில் முகம் குப்புறக் கிடந்தாயாம். அந்தத் தண்ணீரில் ஒரு குழந்தைகூட மூழ்காது.

நான் வந்து சேர்ந்தபோது உன்னைக் குளிப்பாட்டி வைத்திருந்தார்கள். உன் மாமியார் அழவில்லை. என்னைக் கண்டதும் கையைப் பிடித்து உள்காம்பரா அறைக்குக் கூட்டிப்போனார். அங்கே சாமிப் படத்துக்குப் பக்கத்தில் அந்தப் போத்தல். அதை எடுத்து என் முன்னால் வைத்தார்.

"சத்துதானே ஆத்தா குடுத்தேன். நல்ல சத்துன்னுதானே வாங்கினேன். இதுல என்ன கொற?"

"இதுல ஒரு கொறையும் இல்லம்மா."

"அப்ப எப்புடி விழுந்தா?"

அவர் என் முகத்தையே பார்த்தார். பிறகு மெதுவாகக் கேட்டார். "அந்த வெள்ளக் குளிசை என்னது?"

"மருந்துங்கம்மா. வலிப்புக்கு."

அவர் சுவரோடு சாய்ந்து உட்கார்ந்தார். யாரிடமோ சொல்வது போலச் சொன்னார். "மருந்துன்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா, நான் கையாலே ஊட்டியிருப்பேனே."

அடியே, அதை நீ கேட்டிருக்க வேண்டும். வேறெதற்கும் இல்லை, அந்த ஒரு வாக்கியத்துக்காக நீ எழுந்து உட்கார்ந்திருக்க வேண்டும். நாம் எல்லோரும் யாருக்குப் பயந்து அந்தச் சொல்லை ஒளித்தோமோ, அந்த மனுசி அதைக் கேட்டு முகம் சுளித்திருக்க மாட்டார். அவர் இறக்கும்வரை நான் வருசா வருசம் தைப்பொங்கலுக்காவது போய்ப் பார்த்துவிட்டு வருவேன். உன் பேச்சைத்தான் பேசுவோம். உன் வாயாடித்தனத்தைச் சொல்லிச் சிரிப்பார், பிறகு முந்தானையால் முகத்தை மூடிக்கொள்வார். பால் தேத்தண்ணி அவர் மறுபடி குடிக்கவேயில்லை.

தங்கை மகள் தந்த போத்தலை நான் குப்பையில் போடவில்லை. சத்தின்மேல் எனக்கு என்ன விரோதம்? அடுத்த கிளினிக்குக்கு எடுத்துப்போய் டாக்டரிடம் காட்டி, போடலாமா என்று கேட்பேன். போடு என்றால் போடுவேன். பிரஷர் குளிசைக்குப் பதிலாக மட்டும் போடமாட்டேன். அவளை உட்காரவைத்து உன் கதையைச் சொன்னேன். பாதியிலேயே அழத் தொடங்கிவிட்டாள்.

நேற்றுப் பொழுதுசாய அவளுக்குச் சம்பந்தம் பேச ஆட்கள் வந்திருந்தார்கள். வாசல் இஸ்தோப்புத் திண்ணையில் பாய் விரித்து, தேத்தண்ணி கொடுத்து, பேச்சு நல்லபடியாகப் போய்க்கொண்டிருந்தது. எனக்குக் குளிசை நேரமானது. "தண்ணி கொண்டாம்மா" என்றேன். மாப்பிள்ளையின் தாய், மரியாதைக்காகச் சிரித்துக்கொண்டு, "என்னங்க, சத்துக் குளிசையா?" என்று கேட்டார். தங்கை மகள் செம்போடு நின்று என்னையே பார்த்தாள்.

"இல்லங்க" என்றேன். எல்லோருக்கும் கேட்கும்படி, உனக்கும் கேட்கும்படி சொன்னேன். "மருந்து."