அடிபம்பு வரை

மைக்கின் தலையில் மாட்டும் ஸ்பாஞ்சு உறையை இன்று மதியம் கழற்றினேன். அதைத் துவைத்து ஒரு வருஷம் ஆகியிருக்கும். பழைய எச்சிலும் வெற்றிலையும் கலந்த வாடை குப்பென்று வந்தது. அதைத் துவைக்க வேண்டும் என்று உனக்கு மட்டும்தான் தோன்றும். "எத்தினி பிரசங்கியாரு வாயி இதுல கீது தெரியுமா? அப்புறம் எப்பிடிடா பரிசுத்தமா பேச்சு வரும்?" என்று சொல்லிக்கொண்டே சோப்புத் தூளில் ஊறவைப்பாய். நானும் சிரிப்பேன். இன்று சிரிப்பு வரவில்லை. நாளை ஞாயிறு, உன் முதலாம் வருஷ நினைவு ஆராதனை. பிரசங்கம் செய்யப்போவது நான்.

எழுதி எழுதி நான்கு தடவை கிழித்துவிட்டேன். மேடை ஏறிப் பழகிய எனக்கு இப்படி ஆனதில்லை.

ஏம்பலம் பக்கம் நடந்த அந்த நற்செய்திக் கூட்டம்தான் எனக்கு முதல் மேடை. பாகூரிலிருந்து உன் வண்டியில்தான் போனோம். ஆம்ப்ளிஃபயர் என் மடியில், குழாய் ஸ்பீக்கர் வண்டியின் முன்னால். வாரம் முழுக்கக் கம்பெனியில் மாரடித்துவிட்டு, ஞாயிற்றுக்கிழமை மைக்செட் கட்டப் போவாய். உன் வேலை முறையே தனி. மற்றவர்கள் மைக்கைத் தட்டி "ஒன் டூ த்ரீ" சொல்லிவிட்டு உட்கார்ந்துவிடுவார்கள். நீ என்னைப் பேசச் சொல்லிவிட்டு, எந்த ஊரானாலும் அங்கே காலனியின் கடைசியில் இருக்கும் அடிபம்பு வரை நடந்துபோய் நின்று கேட்பாய். "உள்ள குந்தினுகிறவன் எப்பிடியும் கேப்பான், அவனுக்கு வேற வழியில்ல. அங்க கொடத்தோட நிக்கிறவங்க கேக்கணும்."

அன்று முக்கால் மணி நேரம் கத்தினேன். நான் கேட்டதால் குரல் எதிரொலிக்கும்படி எக்கோவும் வைத்தாய். ஜனங்கள் 'ஆமென்' சொன்னார்கள். இறங்கி வந்து, "எப்பிடிடா?" என்றேன்.

"சத்தம் வந்துச்சு. பேச்சு வர்ல."

"பொறாமடா உனக்கு."

"கொடம் ரொம்புனதும் தூக்கினு போய்க்கினே இருந்தாங்க. ஒருத்தி நிக்கல. அப்புறம் அந்த எக்கோவ வுடு பாஸ்டரு. எக்கோ போட்டா கழுத கத்துனாலும் தீர்க்கதரிசி மாதிரிதான் இருக்கும்."

ஒரு வாரம் உன்னோடு பேசவில்லை. ஆனால் அடுத்த கூட்டத்துக்கு முன்னால் நான்தான் உன்னைத் தேடி வந்தேன். வழியில் அடிபட்டுக் கிடந்தவனைக் காப்பாற்றிய நல்ல சமாரியன் கதையை உன்னிடம் சொல்லிப் பார்த்தேன். நீ ஒயரைச் சுற்றிக்கொண்டே கேட்டாய். "எரிகோவுக்குப் போற ரோடு அவங்களுக்குத் தெர்ல. பாகூர் ரோட்டுல எவன் வுழுந்து கெடக்குறான், எவன் ஹாரன் அடிச்சினு தாண்டிப் போறான், அத்த சொல்லு." அப்படியே சொன்னேன். எக்கோ இல்லை. கண்ணை மூடவில்லை. கூட்டம் முடியும் முன்பே நீ அடிபம்பிலிருந்து ஓடி வந்தாய். மூச்சு வாங்க என் காதில் சொன்னாய்: "டேய், கொடத்த கீழ வெச்சிட்டாங்கடா!"

எந்த வேதாகமக் கல்லூரியும் எனக்குத் தர முடியாத பட்டம் அது.

நீ போன பிறகு நான் செய்ததை உனக்கு யார் சொல்லியிருப்பார்கள்? கழிவுநீர்த் தொட்டியில் அடைப்பு என்று கம்பெனியில் உன்னை முகமூடிகூட இல்லாமல் இறக்கினார்கள்; உள்ளே விஷவாயு, நீ உயிரோடு மேலே வரவில்லை. இறங்கச் சொன்னது ஆள் சப்ளை செய்யும் கான்ட்ராக்டர். நம் சபைக் கமிட்டியின் செயலாளரும் அவர்தான். முன் பெஞ்சில் அவருக்கென்று ஓர் இடம் உண்டு. நம் ஜனங்களைத் தொட்டிக்குள் இறக்குகிறவர்தான் வாரா வாரம் அவர்களுக்காக ஜெபிக்கவும் எழுந்து நிற்கிறார். இதில் யாருக்கும் கூச்சம் கிடையாது. எனக்கும் அன்று இருக்கவில்லை.

உன் அடக்கத்துக்கு வெளியூர் மைக்செட். எக்கோ முழுசாக இருந்தது. குறைக்கச் சொல்லியிருக்கலாம். என் குரல் எனக்கே அழகாகக் கேட்டது. "கர்த்தர் தம் தோட்டத்தில் ஓர் அழகான பூவைப் பறித்துக்கொண்டார்" என்றேன். எல்லாரும் அழுதார்கள். கான்ட்ராக்டர் என் கையைப் பிடித்துக்கொண்டு, "அருமையான செய்தி தம்பி" என்றார். எனக்குப் பெருமையாக இருந்தது. உன் பெட்டிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு பெருமைப்பட்டேன். இதை எழுதுவதற்கே ஒரு வருஷம் ஆகியிருக்கிறது.

உன் மனைவி எஸ்தர் மட்டும் அழவில்லை. மூன்றாம் நாள் உன் வீட்டுக்குப் போனபோது என்னை உட்காரச் சொல்லவும் இல்லை.

"அண்ணே, பூவ பறிச்சாருன்னு சொன்னீங்களே. மூடியத் தொறந்து உள்ள எறங்குன்னு சொன்னது கர்த்தரா?"

நான் செருப்பை மாட்டத் திரும்பினேன், அவள் விடவில்லை.

"கம்பெனிக்காரன் அவரே கவனமில்லாம எறங்கிட்டாருன்றான். நீங்க கர்த்தர்ன்றீங்க. ரெண்டு பேரும் ஒரே ஆளத்தான காப்பாத்துறீங்க?"

உன் ஆம்ப்ளிஃபயரையும் மைக்கையும் அன்றைக்கே என்னிடம் கொடுத்துவிட்டாள். "எனக்கு இன்னாத்துக்கு? பேசுறவங்க வெச்சிக்கோங்க." அவள் எந்தப் பிரசங்கத்தையும்விடச் சுருக்கமாகப் பேசினாள். எனக்கு இன்றுவரை வலிக்கிறது.

நேற்று கான்ட்ராக்டர் போன் செய்தார். "ஞாயித்துக்கெழம ஆறுதலா நாலு வார்த்த பேசுங்க தம்பி. வேற எதுவும் வேணாம். உங்க காலேஜ் லெட்டர் எங்கிட்டதான் கீது, கையெழுத்துதான் பாக்கி." மிரட்டும் குரலே இல்லை. அன்பாகத்தான் சொன்னார். கமிட்டியின் கடிதம் இல்லாமல் வேதாகமக் கல்லூரியில் சேர முடியாது. சேராவிட்டால் காலம் முழுக்க நான் கூப்பிட்டால் பேசுகிற ஆள்தான். நாளைக்குப் பிறகு கூப்பிடவும் மாட்டார்கள். அதற்கும்தான் பயம். உன்னிடம் பொய் சொல்ல முடியாது.

சாயங்காலம் வெயில் தாழ்ந்ததும் செட்டைக் கட்டினேன். எக்கோ திருகு சுழியத்திலேயே இருக்கும்படி நீ ஒட்டிவைத்த கறுப்பு டேப் அப்படியே இருக்கிறது. கோயிலுக்குள் ஆள் இல்லை. மைக்கில் ஒரே ஒரு வாக்கியம் சொன்னேன்: "இவனைத் தொட்டிக்குள் இறக்கியது கர்த்தர் அல்ல, நம் சபையில் முன் பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் ஒரு மனிதர்." பிறகு உன்னைப் போல நம் காலனி அடிபம்பு வரை நடந்தேன். எஸ்தர் இடுப்பில் குடத்தோடு நின்றிருந்தாள்.

"கேட்டுச்சாம்மா?"

"கேட்டுச்சு." என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "நாளைக்கும் இதத்தான் சொல்வீங்களா, இல்ல இது வெறும் டெஸ்டிங்கா?"

என் பதிலுக்கு அவள் நிற்கவில்லை. குடத்தை அவள் கீழே வைக்கவும் இல்லை, தூக்கிக்கொண்டு போய்விட்டாள்.

ஸ்பாஞ்சைத் துவைத்துக் கொடியில் போட்டிருக்கிறேன், காலைக்குள் காய்ந்துவிடும். ஐந்தாவது தாளில் அந்த ஒரு வாக்கியத்தை மட்டும் எழுதியிருக்கிறேன். அதைத்தான் முதலில் சொல்லப் போகிறேன். நடுவில் வைத்தால், அங்கே போய்ச் சேர்வதற்குள் என் தைரியம் கரைந்துவிடும். என்னை எனக்குத் தெரியும். முன் பெஞ்சையும் பார்த்துத்தான் ஆக வேண்டும். பயம் அப்படியே இருக்கிறது.

ஆராதனை முடிந்ததும் யார் கையையும் குலுக்க நிற்க மாட்டேன். நேராக அடிபம்புக்கு நடந்துபோய், சத்தம் வந்ததா, பேச்சு வந்ததா என்று கேட்பேன். நீ அங்கே இருக்க மாட்டாய். கோயிலுக்குள் வராத எஸ்தர் அங்கே இருப்பாள். அவள் சொல்லட்டும்.