மாத்திரைக்கும் சாப்பாட்டுக்கும் நடுவே

பிப்ரவரி 24

பரிசோதனைக்குப் போய் வந்தோம். எல்லாம் நன்றாக இருக்கிறதாம். டாக்டரம்மா சிரித்தார். நானும் சிரித்தேன், சிரிக்க வேண்டிய இடம் என்று தெரிந்ததால்.

கிளம்பும்போது, வருகிற ரமழானில் நோன்பு கூடாது என்றார். "இந்த வருஷம் மட்டுமா?" என்று என் கணவர் ரிதா கேட்டார்.

"இருக்கிறது ஒரே கிட்னி. அதுவும் இன்னொருத்தர் குடுத்தது. தண்ணி இல்லாம ஒரு பகல் முழுக்க அதைக் காயப்போட முடியாது. இந்த வருஷம்னு இல்லீங்க."

வழியில் வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டு ரிதா அழுதார். வாடகை வண்டி ஓட்டுகிறவர், சாலையில் எதைப் பார்த்தாலும் கலங்காத மனிதர். கைக்குட்டை எடுத்துக் கொடுத்தேன். எனக்கு எதுவும் வரவில்லை. பழைய நகரத்தின் பாப் தீவான் கோட்டை வாசலில் பேரீச்சம்பழ வண்டிகள் வந்துவிட்டதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பிப்ரவரி 27

மாத்திரை. மூக்குக்கண்ணாடிக் கடை. மாத்திரை. தூக்கம்.

மார்ச் 2

முதல் நோன்பு. உம்மா வீட்டில் எல்லோரும். கோதுமைச் சூப்பு, முட்டையை மாவில் மடித்துப் பொரித்த பிரீக், கருஞ்சீரகம் தூவிய ரொட்டி. வாழ்நாள் முழுக்க இந்த மேசையில் பாங்குக்காகக் காத்திருந்திருக்கிறேன். இன்று பகலில் சாப்பிட்டுவிட்டு, மாலை மாத்திரையைத் தள்ளி வைத்துவிட்டு வந்து உட்கார்ந்தேன். பேரீச்சம்பழத்தை வாயில் வைத்தேன். இனித்தது. அவ்வளவுதான்.

தொர்ராதான் மேசையை நடத்தினாள். என் தங்கை. பெண்களுக்கு முடி திருத்தும் கடை வைத்திருக்கிறாள். அவளுடைய இடது சிறுநீரகம் போன ஜூலையிலிருந்து என் வயிற்றின் வலது பக்கம் இருக்கிறது. செப்டம்பரில் அவளுக்கு நிச்சயம் செய்திருந்த வஜ்தியின் வீட்டார் விலகிக்கொண்டார்கள். "ஒத்தக் கிட்னியோட பிள்ளை பெத்துக்க முடியுமா?" என்று அவன் உம்மா யாரிடமோ கேட்டாராம். தொர்ரா அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறாள். "பிள்ளையைக் கிட்னியிலயா சுமப்பாங்க? அந்தம்மாவுக்கு யாராவது படம் போட்டுக் காட்டுங்க."

எல்லோரும் சிரித்தார்கள். உம்மா மட்டும் சூப்பைக் கலக்கிக்கொண்டே இருந்தார். என்னைப் பார்க்கவில்லை.

அறுவை சிகிச்சைக்குப் பிறகு நான் தொழவில்லை. முதலில் உடம்பு முடியவில்லை. பிறகு? முடிந்தது, ஆனால் தொழவில்லை. ஏன் என்று யாரும் கேட்கவில்லை. நானும் கேட்டுக்கொள்ளவில்லை.

மார்ச் 4

நாளை நோன்பு வைக்கப் போகிறேன்.

காலை மாத்திரையை விடியலுக்கு முந்திய சஹர் சாப்பாட்டுக்கு முன்பு போட்டுக்கொண்டால் போதும். மாலையில் உள்ளதைக் கொஞ்சம் தள்ளி வைத்தால் ஆயிற்று. நான் கடையில் சாப்பிடுவதாக ரிதா நினைத்துக்கொள்வார். பக்திக்காக என்று எழுதினால் அது பொய். பசித்தாலாவது ஏதாவது தெரிகிறதா என்று பார்க்க வேண்டும்.

மார்ச் 5

பசித்தது. நாக்கு ஒட்டிக்கொண்டது. வேறொன்றும் இல்லை.

மார்ச் 7

தலைவலி. ஒரு பெரியவரின் கண்ணாடிக்கு வலது வில்லையை இடதில் மாட்டிவிட்டேன். பதினாறு வருடத்தில் இப்படி நடந்ததில்லை. அவர் போட்டுப் பார்த்து, "மகளே, நோன்பு உனக்கா, என் கண்ணுக்கா?" என்றார். கடையில் இருந்தவர்கள் சிரித்தார்கள்.

தொடர்வேன்.

மார்ச் 9

மாட்டிக்கொண்டேன்.

நண்பகலில் தொர்ரா கடைக்கு வந்தாள். தோளில் அவளுடைய சீப்புக் கத்தரிப் பை. நேரே என்னைச் வில்லை தேய்க்கும் பின்னறைக்கு இழுத்துப்போய், பையிலிருந்து ரொட்டியும் தண்ணீர் பாட்டிலும் எடுத்தாள். ஊரே நோன்பாக இருக்கும்போது பலர் முன்னால் சாப்பிட நான் கூச்சப்படுவேன் என்று அவளே நினைத்துக்கொண்டு எடுத்து வந்திருக்கிறாள். அவள் நோன்பு.

"குடி."

"அப்புறம் குடிக்கிறேன்."

"இப்பக் குடி. நான் பாக்கணும்."

நான் பாட்டிலைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். அவள் என் உதட்டைப் பார்த்தாள். பிறகு குனிந்து என் கணுக்காலை விரலால் அழுத்தினாள். வீங்கியிருந்த இடத்தில் குழி விழுந்தது.

"எத்தன நாளா?"

நான் காலை இழுத்துக்கொண்டேன்.

"அக்கா, எத்தன நாளா?"

"வைக்கணும்னு தோணுச்சு. அல்லாவுக்கும் எனக்கும் நடுவுல உள்ளது, தொர்ரா."

"இல்ல! நடுவுல என் கிட்னி இருக்கு. அறுத்துக் குடுத்தது நான். அதைப் பட்டினி போட உனக்கு யாரு உரிமை குடுத்தா? வஜ்தி போனான், போகட்டும்னு விட்டேன். இதையும் நீ தொலைச்சா நான் எதுக்குடீ படுத்தேன் அந்த ஆபரேஷன் மேசையில?"

அக்காவை 'டீ' போட்டதை அவள் கவனிக்கவே இல்லை. எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். அல்லது வெட்கம். பாட்டிலைத் திறந்து குடித்தேன். அவள் சுவரில் சாய்ந்து நின்று கடைசிச் சொட்டு வரை பார்த்தாள். அவள் தொண்டையும் கூடவே ஏறி இறங்கியது.

மார்ச் 10

ரத்தப் பரிசோதனையில் கிட்னியின் நிலையைச் சொல்லும் எண் ஏறியிருக்கிறது. டாக்டரம்மா இன்று சிரிக்கவில்லை. "இன்னும் ஒரு வாரம் இப்படியே போயிருந்தா, நான் உங்ககிட்ட வேற பேச்சுப் பேசிக்கிட்டு இருந்திருப்பேன்" என்றார். கையில் ஊசி குத்தி இரவு வரை மருந்துநீர் ஏற்றினார்கள். ரிதா அது சொட்டுவதையே பார்த்துக்கொண்டிருந்தார். தொர்ரா கட்டிலின் கால்மாட்டில் உட்கார்ந்து, பக்கத்துக் கட்டிலின் தெரியாத ஒரு கிழவிக்குப் பின்னல் போட்டுவிட்டுக்கொண்டிருந்தாள்.

மார்ச் 13

எண் இறங்குகிறது. மாத்திரை இனிப் பழைய நேரத்துக்கே, காலை ஆறு, மாலை ஆறு. மறுபடி காகிதத்தில் எழுதிக் கொடுத்தார்கள். போட்டபிறகு ஒரு மணி நேரம் எதுவும் சாப்பிடக் கூடாது. தண்ணீர் மட்டும். இதெல்லாம் தெரிந்ததுதான்.

தெரியாதது ஒன்று இன்று மாலை நடந்தது. ஆறு மணிக்கு உம்மா வீட்டு அடுக்களையில் நின்று மாத்திரையை விழுங்கினேன். கொஞ்ச நேரத்தில் பாங்கு சொன்னார்கள். மேசையில் எல்லோரும் பேரீச்சம்பழத்தை எடுத்தார்கள். என்னால் எடுக்க முடியாது, ஏழு ஆக வேண்டும். பகல் முழுக்கச் சாப்பிட்ட நான், ஊரே நோன்பு திறக்கும்போது வாயைக் கட்டிக்கொண்டு இருந்தேன்.

தொர்ரா கவனித்துவிட்டாள். வாயில் பிரீக்கோடு, "பாருங்க மச்சான், உங்க பொண்டாட்டி இப்பத்தான் நோன்பே பிடிக்கிறா!" என்றாள்.

சூப்பு வாசனை. எங்கே போவது என்று தெரியாமல் எழுந்து உள்ளறைக்குப் போனேன். உம்மாவின் தொழுகை விரிப்பு அங்கே கிடந்தது. கைகால் கழுவி ஒளூ செய்துவந்து அந்திநேர மக்ரிப் தொழுதேன். மனம் எங்கும் இல்லை. நடுவில் கண்ணாடிச் சட்டங்களின் விலை ஞாபகம் வந்தது. முடித்தபிறகும் நேரம் மிச்சம் இருந்தது. குர்ஆனை எடுத்து ஒரு பக்கம் ஓதினேன்.

மார்ச் 14

காலையிலும் அதே. மாத்திரை, சுபுஹு தொழுகை, ஒரு பக்கம். பசி ஆரம்பிக்கும்போது மணி ஏழு.

மார்ச் 15

அதே.

மார்ச் 18

அதே. ஒன்றும் தோன்றவில்லை என்று எழுத வந்தேன். எழுதிவிட்டேன்.

மார்ச் 20

ஒன்றும் தோன்றாமல் தொழுவது தொழுகையா? யாரிடம் கேட்பது? கேட்டால் மனம் ஒன்ற வேண்டும் என்பார்கள். அது எனக்கும் தெரியும். மாத்திரை விழுங்கும்போது மனம் ஒன்றுகிறதா என்ன? ஆனாலும் வேலை செய்கிறது. இரண்டும் ஒன்றல்ல, அதுவும் தெரியும். ஆனால் எனக்கு இப்போது முடிவது இவ்வளவுதான்.

மார்ச் 22

ரிதா பேரீச்சம்பழமும் தண்ணீரும் மட்டும் எடுத்து நோன்பு திறந்துவிட்டு, உள்ளறைக்கு வந்து எனக்கு முன்னால் நின்று தொழுதார். பிறகு போகவில்லை. நான் ஓதி முடிக்கும்வரை உட்கார்ந்திருந்தார். அவர் வயிறு சத்தம் போட்டது.

"போய்ச் சாப்பிடுங்க."

"உனக்கு ஏழு மணின்னா எனக்கும் ஏழு மணி."

"சூப்பு ஆறிடும்."

"என்னிக்கு உங்க உம்மா சூப்பு சூடா இருந்துச்சு?"

வெளியிலிருந்து உம்மாவின் குரல் வந்தது: "எனக்குக் காது நல்லாக் கேக்குது, மாப்பிள்ளை!"

மார்ச் 27

இன்று குர்ஆன் இறங்கிய மகிமையுள்ள இரவு. பள்ளிவாசல் நிரம்பி வழியுமாம். கூட்டம் எனக்கு ஆகாது. வீட்டிலேயே இருந்தேன். அல்லாவிடம் பெரிதாக எதுவும் கேட்கவில்லை. தொர்ராவின் பெயரைச் சொன்னேன், அதற்குமேல் வார்த்தை வரவில்லை. தூங்கிவிட்டேன்.

மார்ச் 31

பெருநாள். தெரு முழுக்க பெருநாளுக்கே உரிய உப்பு மீன் வாசனை, அதோடு சேரும் திராட்சை வேகும் வாசனை. எனக்கு உப்பு ஆகாது. உம்மா எனக்கென்று உப்பில்லாத மீனைத் தனியாக அவித்து வைத்திருந்தார். தட்டைத் தள்ளியவர், அறுவை சிகிச்சைக்குப் பிறகு முதல்முறையாக என் கன்னத்தைத் தொட்டு, "நீ நல்லா இரு, ஒல்ஃபா. அவ செஞ்சதுக்கு அதுதான் அர்த்தம்" என்றார். உடனே அடுக்களைக்குப் போய்விட்டார்.

மாலை ஆறு. மாத்திரை. பாங்குக்காகக் காத்திருக்க யாரும் இல்லை. எல்லோரும் மதியமே தின்று அங்கங்கே படுத்துக் கிடந்தார்கள். இன்று இந்த ஒரு மணி நேரத்தை என்ன செய்வது? நோன்பு முடிந்துவிட்டது. என் மாத்திரை முடியாது, உயிர் உள்ளவரை உண்டு.

விரிப்பை எடுத்தேன்.

ஏப்ரல் 4

இரண்டு வேளையும்.

ஏப்ரல் 9

இரண்டு வேளையும். ஒரு வசனத்தை இரண்டு முறை ஓதினேன். கவனம் சிதறி அல்ல. இன்னொரு முறை வேண்டும்போல இருந்தது.

ஏப்ரல் 17

காலை தவறிவிட்டது. விடியும்முன்பே கடைத்தெருவில் மின்சாரம் போய்விட்டது, என் கடைப் பூட்டு உடைந்து கிடக்கிறது என்று அக்கம்பக்கத்தார் போன் செய்தார்கள். மாத்திரையை வண்டியிலேயே விழுங்கிவிட்டு ஓடினேன். தொழவில்லை, ஓதவில்லை.

பூட்டு சரியாகிவிட்டது. ஆனால் காலை முழுக்க எதையோ வீட்டில் விட்டுவிட்டு வந்ததுபோல் இருந்தேன். பையைத் துழாவினேன். சாவி இருந்தது, போன் இருந்தது. வாடிக்கையாளர் ஒருத்தியிடம் எரிந்து விழுந்தேன். அவள் முறைத்துக்கொண்டு போய்விட்டாள். போனபிறகுதான் எதை விட்டுவிட்டேன் என்று புரிந்தது. புரிந்ததும் நெஞ்சில் சுருக்கென்றது. சுருக்கென்றது என்று வேண்டுமென்றேதான் எழுதுகிறேன். இந்த வார்த்தையை எழுதி மாதங்கள் ஆகின்றன.

கடைக்கதவைப் பாதி சாத்திவிட்டு, பின்னறையில் அட்டைப்பெட்டியை விரித்துத் தொழுதேன். ஒரு பக்கம் ஓதினேன். எழுந்திருக்க மனமில்லாமல் அங்கேயே உட்கார்ந்து தொர்ராவுக்குப் போன் போட்டேன். அந்தப் பக்கம் முடி உலர்த்தும் மிஷின் சத்தம்.

"என்னக்கா? காய்ச்சலா? ஆஸ்பத்திரிக்குப் போகணுமா?"

"அதெல்லாம் இல்ல. உனக்கு வலிக்குதா?"

"எது?"

"வெட்டின இடம்."

மிஷின் நின்றது. அவள் யாரிடமோ, "ரெண்டு நிமிஷம் இருங்க" என்றாள். கதவு சாத்தும் சத்தம் கேட்டது.

"எடது பக்கம் திரும்பிப் படுத்தா வலிக்கும்," என்றாள். "குளிர்ல இழுத்துப் பிடிக்கும். ஏன், இப்பத்தான் கேக்கணும்னு தோணுச்சா?"

"ஆமா."

பிறகும் இரண்டு பேரும் போனை வைக்கவில்லை.