ஆறு பத்துக்குத் திறக்கும் மூடி

அக்டோபர் 14
எங்கள் ஆய்வுக்காக நோயாளிகளுக்குக் கொடுத்த இதய மாத்திரை டப்பாக்களின் மூடிகள், திறக்கும் நேரத்தைக் குறித்து அலுவலகத்துக்கு அனுப்பும். நூற்றுப் பன்னிரண்டு பேரில் ஒருநாளும் தவறாதவர் மீனவர் பெஷீர்தான். தினமும் காலை 6.10.
அவரைப் புதைத்து ஒன்பது நாளாகிறது. நானும் போய் துக்க வீட்டுச் சாப்பாடான குஸ்குஸ் சாப்பிட்டு வந்தேன்.

அக்டோபர் 15
இன்றும் 6.10.

அக்டோபர் 20
பெஷீரின் மருமகள் ஹயாத்துக்கு ஏழாம் மாதம். ஊரை ஒட்டிய ஆலையின் புகை கருவை என்ன செய்கிறது என்ற எங்கள் இன்னொரு ஆய்வுக்காக, மாதாமாதம் அவளிடம் சிறுநீர் வாங்கி வருவேன். துக்க வீடு, டப்பாவைக் கேட்க வாய் வரவில்லை. ஹயாத் வாசல்வரை வந்தாள்.
"அக்கா, விடிஞ்சா மாமா டப்பாவைத் திறக்குற சத்தம் கேக்குது. நெஞ்சு படபடன்னு அடிச்சுக்குது."
பிரமையாக இருக்கும் என்றேன். 6.10 பற்றி மூச்சு விடவில்லை.

நவம்பர் 3
ஹயாத்தின் ஸ்கேன். குழந்தையைச் சுற்றியுள்ள நீர் பாதியாகிவிட்டது. "புகைதான், வேறென்ன?" என்றார் டாக்டர். எனக்கு முதலில் வந்தது — எழுதக் கூசுகிறது — ஆய்வுக்குச் சான்று கிடைத்த சந்தோஷம். சீ.

நவம்பர் 4
மூடி திறக்கிறது. சரி, மாத்திரை எங்கே போகிறது?

நவம்பர் 5
கேட்டுவிட்டேன். பெஷீரின் மனைவி மன்னூபியா டப்பாவை முன்னால் வைத்தார். பாதி காலி.
"நீதானே சொன்ன பொண்ணே, ஒருநாள் தவறினாலும் மூடி உங்ககிட்ட சொல்லிடும்னு? அவர் பேர் கெடக்கூடாதுன்னுதான் திறந்தேன். திறந்துட்டு மாத்திரையை வீணாக்கவா? ஹயாத்துக்கும் நெஞ்சு அடிச்சுக்குதே. பால்ல கரைச்சுக் கொடுத்தேன்."
குழந்தை சிறுநீர் கழித்தால்தான் அந்த நீர் ஊறும். இந்த மாத்திரை கருவின் சிறுநீரகத்தையே முடக்கிவிடும். அவருக்கு எப்படித் தெரியும்? படிச்சவ நான்ல, மூணு வாரமா வாயை மூடிட்டு இருந்தேன்.
டாக்டரிடம் சொல்லிவிட்டேன். டப்பாவைக் கையோடு எடுத்து வந்து, மிச்ச மாத்திரைகளைக் கொட்டிவிட்டேன்.

நவம்பர் 19
நீர் கொஞ்சம் ஏறியிருக்கிறது. "பிறந்து மூத்திரம் போகட்டும், அப்பதான் எதையும் சொல்ல முடியும்" என்கிறார் டாக்டர்.

ஜனவரி 2
நேற்றுக் காலை ஆண் குழந்தை. துணி இன்னும் நனையவில்லை.

ஜனவரி 3
மன்னூபியா போன் செய்தார். "என் மடியை நனைச்சுட்டான்." அழுதுவிட்டேன்.
பெஷீரின் காலி டப்பா என் சமையலறையில் இருக்கிறது. மூடியின் குறிப்பைப் பார்த்தேன். இன்று 6.10. நேற்றும். நவம்பர் ஆறிலிருந்து ஒருநாளும் தவறவில்லை.
இந்த வீட்டில் நான் ஒருத்திதான் இருக்கிறேன்.