சாய்மானம் இல்லாத ஸ்டூல்

நம் பெரியவனின் அப்பாவுக்கு வணக்கம். நான் சுகம். உங்கள் இருமல் நின்றதா? மாத்திரையைச் சாப்பாட்டுக்குப் பிறகு போடுங்கள்.

நான் சமையல் வேலை பார்க்கும் இந்த வீட்டின் மேடைக்கு உயரமான ஸ்டூல் ஒன்று வாங்கினார்கள். வீட்டுக்காரப் பெண் என்னைக் கடைக்குக் கூட்டிப்போய், "அக்கா, நீங்களே பாத்து எடுங்க" என்றாள். அவளுடைய தாய்க்கிழவிதான் தினமும் மேடையருகே நின்று என் சமையலில் குறை சொல்பவள். வந்த முதல் நாளே, "இது கையா, உப்பு மூட்டையா?" என்று கேட்டவள். பதினாலு மாதமாகியும் நான் மறக்கவில்லை. ஸ்டூல் அவளுக்குத்தான் என்று நினைத்து, ஐந்து நிமிடத்தில் இடுப்பு கழன்றுபோகட்டும் என்று, சாய்மானமே இல்லாததாக, இருப்பதிலேயே உயரமானதாக எடுத்தேன்.

வீட்டுக்கு வந்ததும் கிழவி, "உனக்குத்தான் வாங்கச் சொன்னேன். முட்டியப் புடிச்சிக்கிட்டே நிக்கிறியே, பாக்க சகிக்கல. உக்காந்து காய நறுக்கு" என்றாள். என்னால் அதில் ஏற முடியவில்லை. இப்போது தினமும் அந்த அம்மாவே ஸ்டூலைப் பிடித்துக்கொண்டு என்னை ஏற்றிவிடுகிறார். "பாவம், தெரியாம எடுத்துட்டா" என்று மகளிடம் சொல்கிறார். நான் கூசிப்போய் உட்கார்ந்திருக்கிறேன்.

முட்டிக்குத் தைலம் இரண்டு புட்டி அனுப்புங்கள். பேத்தியின் போட்டோ ஒன்றும் அதோடு வையுங்கள். மருமகளிடம் இந்த ஸ்டூல் கதையைச் சொல்ல வேண்டாம், சிரிப்பாள்.

அடுப்பில் பால் இருக்கிறது, நிறுத்துகிறேன். நாற்பது வருடமாக என்னிடம் மன்னிப்புக் கேட்டுப் பழகியவர் நீங்கள். அந்த அம்மாவிடம் முதல் வார்த்தையை எப்படி ஆரம்பிப்பது என்று உடனே எழுதுங்கள்.