ஜிம்மிக்குக் கத்தரிக்கோல் வைத்தேன்

வெள்ளிக்கிழமை, இரவு.

நாளை அக்கா வவுனியா ஆசுபத்திரியிலிருந்து வீட்டுக்கு வருகிறார். அவர் என்னிடம் விட்டுப்போன டெரியர் நாயை நான் மொட்டையடித்துவிட்டேன். அவருக்கென்று இருப்பது ஜிம்மி ஒருவன்தான்.

"அவன்ர மயிர் கம்பி மாதிரி. முத்தினதை விரலால பிடுங்கோணும். கத்தரிக்கோல் வைச்சால் பஞ்சு மாதிரி ஆயிடும்" என்று படித்துப் படித்துச் சொன்னார். நோகுமே என்று எனக்குப் பிடுங்கக் கை வரவில்லை. உண்ணி மொய்த்ததும் வெட்டினேன். மேடுபள்ளமானது. சரிப்படுத்தச் சரிப்படுத்தத் தாடியும் போய்விட்டது.

பின்னேரம் அக்கா தொலைபேசியில் கேட்டார். "ஜிம்மி எப்பிடியடி?"

"நல்லா இருக்கிறான், அக்கா."

எப்படி அவர் முகத்தில் விழிப்பேன்? வெட்டிய மயிரைக் கொட்ட மனமில்லாமல் பையில் கட்டி அலுமாரிக்குள் வைத்திருக்கிறேன். ஜிம்மி கட்டிலுக்கடியில் கிடக்கிறான். கூப்பிட்டால் இன்னும் எனக்கு வாலாட்டுகிறான்.