இத்தாலிக் கடையில் நீங்கள் கேட்டவை

மாமா,

நேற்று மத்தியானம் பாப்பா பீட்சா வரவழைத்திருந்தாள். அட்டைப் பெட்டியைத் திறந்ததும் அந்தப் பச்சை இலையின் வாசம்தான் முதலில் வந்தது. ஒரு இலையை எடுத்துக் கசக்கி முகர்ந்து பார்த்தேன். "என்னம்மா பண்றே?" என்றாள். "தாத்தா இப்படித்தான் பண்ணினார்" என்றேன். அவளால் நம்ப முடியவில்லை. அவளுக்குத் தெரிந்த தாத்தா பரமத்தி வேலூர் கொடிக்காலில் வெற்றிலை கிள்ளுகிறவர். அவர் ஒருநாள் சேலத்தில் இத்தாலிக்காரச் சாப்பாட்டுக் கடையில் உட்கார்ந்து சாப்பிட்டார் என்றால் சிரிக்கத்தான் செய்வாள்.

கதையைச் சொல்லத் தொடங்கினேன். பாதியில் எனக்கே ஒரு சந்தேகம் வந்து நிறுத்திவிட்டேன். கேட்டுத் தெரிந்துகொள்ள நீங்கள் இல்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

அப்போது எனக்கும் செந்திலுக்கும் கல்யாணப் பேச்சு தொடங்கி, தொடங்கிய இடத்திலேயே நின்றிருந்தது. கோயிலில் தாலி கட்டாத கல்யாணம் கல்யாணமே இல்லை என்று உங்கள் வீட்டில். மாதா கோவிலுக்கு வராத மாப்பிள்ளை வேண்டாம் என்று எங்கள் வீட்டில். நீங்கள் எங்கள் வீட்டு வாசலை மிதிக்க மாட்டேன் என்றீர்கள். என் அப்பா உங்கள் ஊருக்கு வரும் பஸ்ஸில்கூட ஏற மாட்டேன் என்றார். கடைசியில் செந்தில்தான் அஞ்சு ரோட்டுப் பக்கம் புதிதாகத் திறந்திருந்த அந்தக் கடையைக் கண்டுபிடித்தார். "ரெண்டு ஊட்டுச் சோறும் இல்ல. ஒரு மத்தியானம் உக்காந்து பேசிப்போடலாம்" என்றார்.

அத்தை வரவில்லை. நீங்கள் மட்டும் வந்தீர்கள். சலவை வேட்டி, தோளில் துண்டு. கண்ணாடிக் கதவைத் தள்ளுவதா இழுப்பதா என்று ஒரு கணம் நின்று பார்த்துவிட்டு உள்ளே வந்தது நினைவிருக்கிறது. என் அப்பாவும் அம்மாவும் எழுந்து வணக்கம் சொன்னார்கள். மெனு அட்டை வந்தது. அப்பா அதை முகத்துக்கு நேராகப் பிடித்துக்கொண்டார். அவர் ரிட்டயரான கணக்கு வாத்தியார். வாழ்நாளில் தெரியாது என்று ஒரு மாணவனிடம் சொல்லியிருக்க மாட்டார்.

நீங்கள் அட்டையைத் திறக்கவேயில்லை. பரிமாற வந்த பெண்ணை நிமிர்ந்து பார்த்து, "ஏனுங்க அம்மிணி, இங்க எது கடிச்சுத் திங்கறது, எது உறிஞ்சறது?" என்று கேட்டீர்கள். அந்தப் பெண் சிரிப்பை அடக்கிக்கொண்டு ஒவ்வொன்றாக விளக்கினாள். பாஸ்தா என்றதும், "சேமியாவுங்களா?" என்றீர்கள். அவள் இல்லையென்று தலையாட்டினாள். உடனே என் அப்பா பக்கம் திரும்பினீர்கள்.

"வாத்தியாருக்குத் தெரிஞ்சிருக்குமே. சேமியாவுக்கும் இதுக்கும் என்னங்க வித்தியாசம்?"

நான் செந்திலைப் பார்த்தேன். அப்பாவைச் சோதிக்கிறீர்களோ என்று பயம். அப்பா அட்டையைக் கீழே வைத்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"எனக்கும் தெரியலீங்க" என்றார்.

அம்மா அவரைத் திரும்பிப் பார்த்த பார்வையை இன்றைக்கும் மறக்க முடியவில்லை. நீங்களோ, "அப்ப அதுல ஒண்ணு, பீட்சாவுல ஒண்ணு சொல்லிப் பாத்தர்லாமுங்க" என்று சர்வசாதாரணமாகச் சொல்லிவிட்டீர்கள்.

பாஸ்தா உங்களுக்குப் பிடிக்கவில்லை. "சப்புன்னு இருக்குது" என்று மிளகாய்த் தூள் பொட்டலம் முழுவதையும் அதன் தலையில் கொட்டினீர்கள். பீட்சாவில் சீஸ் இழுக்க இழுக்க வந்தபோது கை உயர்ந்துகொண்டே போனது. என் அம்மா கத்தரிக்கோல் போல இரண்டு விரலால் அதை வெட்டிக் காட்டினார். அப்புறம் அந்த இலை. எடுத்துக் கசக்கினீர்கள், முகர்ந்தீர்கள், மென்றீர்கள். "துளசியுமில்ல, புதினாவுமில்ல. கடேசியா சோம்பு வாடை வருது. இத எங்க போடறாங்க?" பரிமாறிய பெண்ணுக்குத் தெரியவில்லை. சமையல்காரரைக் கூப்பிடச் சொன்னீர்கள். வெள்ளைத் தொப்பியோடு யாரோ வெளிநாட்டுக்காரர் வரப்போகிறார் என்று நாங்கள் எல்லோரும் கொஞ்சம் நிமிர்ந்து உட்கார்ந்தோம்.

வந்தவர் எடப்பாடிக்காரர்.

"எடப்பாடியா! தறிக்காரரு ஊடுங்களா?"

"ஆமாங்க. அப்பா இன்னும் தறிதானுங்க ஓட்டறாரு." இலை ஊட்டியிலிருந்து வருகிறது, தொட்டியில் வைத்தாலும் பிழைக்கும் என்றார். மெட்ராஸ் ஓட்டலில் இந்தச் சமையலைக் கற்றுக்கொண்டாராம். நீங்கள் விடவில்லை.

"உங்கப்பா அம்மா இதச் சாப்பிட்டிருக்காங்களா தம்பி?"

அவர் முகம் சற்று மாறியது. "இல்லீங்க. ஒருக்கா கூட்டியாந்தேன். வாசல்லயே நின்னுட்டாங்க. நமக்குத் தெரியாத எடம், நீ போயி வேலையப் பாருன்னு திரும்பிப் போயிட்டாங்க."

அவர் உள்ளே போன பிறகு நீங்கள் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தீர்கள். பேச்சு இனி வேறு பக்கம் போகும், இப்போது வேண்டாமென்று சொல்லிவிடுவீர்கள் என்றே நினைத்தேன். தண்ணீரைக் குடித்துவிட்டு அப்பாவிடம் சொன்னீர்கள்:

"வார ஞாயித்துக்கெழம உங்க ஊட்டுக்கு வாரோமுங்க."

"ஞாயிறு காலைல எங்களுக்குப் பூசை இருக்குமே" என்றார் அப்பா, தடுமாறி.

"அதையும் பாக்கறோமுங்க. உள்ள என்னதான் நடக்குதுன்னு பாத்தா ஆகாதுங்களா?"

வந்தீர்கள், அத்தையையும் அழைத்துக்கொண்டு. கடைசி பெஞ்சில் அப்பா பக்கத்தில் உட்கார்ந்து, ஏன் எழுந்திருக்கிறார்கள், ஏன் மண்டியிடுகிறார்கள், அந்தப் பையன் ஏன் மணி அடிக்கிறான் என்று காதோடு காதாகக் கேட்டுக்கொண்டே இருந்தீர்கள். அப்பாவுக்குப் பாதிக்குப் பதில் தெரியவில்லை. இத்தனை வருஷம் போயும் இதையெல்லாம் யோசித்ததே இல்லை என்று வீட்டுக்கு வந்து சொன்னார். அடுத்த மாதம் அவர் பரமத்தி வேலூர் பஸ் ஏறி உங்கள் கொடிக்காலுக்கு வந்து, உங்களைவிட அதிகமாகக் கேள்வி கேட்டார் என்று நீங்களே குறைபட்டீர்கள். ஒரு நாள் மாதா கோவிலிலும் மறுநாள் உங்கள் குலதெய்வக் கோயிலிலும் எங்கள் கல்யாணம் நடந்தது.

இதுவரைக்கும் பாப்பாவுக்குச் சொல்லலாம். இதற்கு மேல்தான் என் சந்தேகம்.

உங்கள் கருமாதி முடிந்த பிறகு, அத்தை என்னிடம் ஒன்று சொன்னார். அன்று காலையில் சேலத்துக்குக் கிளம்பும்போது, "இன்னைக்கு வேண்டாமுன்னு சொல்லி இந்தப் பேச்ச முடிச்சு உட்டுப்போட்டு வாரேன்" என்று சொல்லிவிட்டுத்தான் கிளம்பினீர்களாம். என்ன சொல்ல வேண்டும் என்று வெந்நீர் அடுப்பு முன்னால் உட்கார்ந்து தனக்குத்தானே சொல்லிப் பார்த்தீர்களாம்.

அப்படியானால் எந்த இடத்தில் மனம் மாறியது, மாமா? எடப்பாடிக்காரர் சொன்னதைக் கேட்டுத்தான் என்று செந்தில் அடித்துச் சொல்கிறார். அப்பா தெரியலீங்க என்று சொன்னாரே, அங்கேதான் என்று அம்மா. "அவருக்கு எதையும் உள்ள போயி பாக்காம இருக்க முடியாது, அவ்வளவுதான் சாமி" என்று அத்தை. எனக்கு மூன்றுமே சரியென்றும் படுகிறது, போதாதென்றும் படுகிறது. நீங்கள் இருந்தபோது இதைக் கேட்க எனக்குத் தெரிந்திருக்கவில்லை. கேட்டிருந்தால் திருப்பி ஒரு கேள்வி கேட்டிருப்பீர்கள்.

ஒன்று மட்டும் சொல்கிறேன். எதிர் வீட்டுக்கு ஒடிசாவிலிருந்து ஒரு குடும்பம் குடிவந்திருக்கிறது. பார்த்தால் சிரிப்பதோடு சரி. போன வாரம் அவர்கள் கதவு திறந்திருந்தது, உள்ளே அந்த வீட்டுப் பெண் அரிவாள்மணை முன்னால் உட்கார்ந்து நான் பார்த்தே இராத ஒரு காயை நறுக்கிக்கொண்டிருந்தாள். தாண்டிப் போனேன். திரும்பி வந்தேன். செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போய், அரைகுறை இந்தியில் இது என்ன காய் என்று கேட்டேன். அவள் அரிவாள்மணையைத் தள்ளி வைத்துவிட்டு ஏதோ சொன்னாள். எனக்குப் புரியவில்லை.

பக்கத்தில் உட்கார்ந்து இன்னொரு தடவை கேட்டேன்.